உழைப்பிலும் ஓய்விலும் இசை

இசையைப் பற்றி நூல் எழுதுவோரும் மேடையில் பேசுவோரும் பெரும்பாலும் பாடுவோரைப் பற்றியே பேசுகின்றனர். பாடகரின் குரல்வளம், அவர் கையாளும் இராகம், பக்கவாத்தியத்தின் நயம் ஆகியவை பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். நான் இன்று கேட்போரைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். அவர்களிலும் கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும் இசைவாணரை மட்டும் நான் கருதவில்லை. தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே பாட்டுக் கேட்கும் தையற்காரர், காய் நறுக்கிக்கொண்டே கேட்கும் இல்லத்தரசியார், நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கும் ஓட்டுநர், பாடநூலை விரித்து வைத்துக்கொண்டே கேட்கும் மாணவர் ஆகியோரும் என் கருத்தில் இருக்கின்றனர்.

இந்தக் கடைசி மாணவரைப் பற்றி வீடுதோறும் ஒரு வழக்கு நடக்கிறது. “பாட்டுக் கேட்டுக்கொண்டு படித்தால் மண்டையில் என்ன ஏறும்?” என்று பெற்றோர் கேட்கின்றனர். “பாட்டு இல்லாவிட்டால் எனக்குப் படிப்பே ஓடாது” என்று பிள்ளைகள் விடையிறுக்கின்றனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற வேண்டுமானால், முதலில் ஒரு வினாவைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இசை வேலைக்குத் துணையா, தடையா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எந்த வேலைக்கு, எந்த இசை, எந்த அளவில் என்று பிரித்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். அவ்வாறு பிரித்துப் பார்ப்பதற்கு நம் முன்னோரின் வயல்வெளியிலிருந்து தொடங்குவது நல்லது.

உழைப்பும் பாட்டும் இணைந்து வாழ்ந்தமைக்கு நம் இலக்கியங்களே சான்று. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் உழவர் பாடிய ஏர்மங்கலமும், களத்தில் நெல்லை அளக்குங்கால் பாடிய முகவைப்பாட்டும் குறிக்கப்படுகின்றன. அந்நூலின் வாழ்த்துக் காதையில் உலக்கை கொண்டு குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு இடம் பெறுகிறது. அண்மைக் காலம் வரையில் நம் சிற்றூர்களில் நடவுப்பாட்டும், கடற்கரையில் வலை இழுப்போரின் அம்பாப் பாட்டும், கிணற்றடியில் ஏற்றப்பாட்டும் ஒலித்துக்கொண்டிருந்தன.

இவற்றுள் ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நீண்ட துலாமரத்தின்மீது ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றின் விளிம்பில் நிற்பவர் சாலை நீரில் ஆழ்த்தி, அது மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். மேலே நடப்பவரின் அடியும், கீழே நிற்பவரின் கையும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் நீரும் சிந்தும். ஆளும் தவறி விழ நேரும். அந்தப் பொருத்தத்தைத் தந்தது பாட்டு. அதோடு, எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கையும் பாட்டே வைத்துக்கொண்டது. பாட்டின் ஊடே எண்ணும் கோக்கப்பட்டிருக்கும். முன்பு ஏற்றம் இறைத்த முதியவர் ஒருவரிடம், வேலையின் களைப்பில் பாடவும் எப்படி மூச்சு இருந்தது என்று நான் ஒருமுறை கேட்டேன். பாடியதால்தான் மூச்சு இருந்தது என்று அவர் கூறினார். பாட்டு நின்றால் கையும் வலிக்கும், கணக்கும் தப்பும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் மூன்று செய்திகள் அடங்கியிருக்கின்றன. பாட்டு உடலின் அசைவை ஒழுங்காக்குகிறது. பலர் கூடிச் செய்யும் வேலையில் ஒருவரோடொருவரை இணைக்கிறது. நாழிகை நகர்வதே தெரியாமல் சலிப்பைப் போக்குகிறது. நான்காவது ஒன்றும் உண்டு. அதை நாம் மறந்துவிடுகிறோம். அங்கே பாடுபவரும் கேட்பவரும் உழைப்பவரும் ஒருவரே. களைத்தபோது பாட்டை மெல்ல இழுத்துக்கொள்ளும் உரிமை அவர் கையில் இருந்தது. வேலையின் வேகத்தை அவருடைய மூச்சு நிர்ணயித்தது. அந்த மூச்சைப் பாட்டு பின்பற்றிச் சென்றது.

பின்னர்ப் பம்பு செட்டு வந்தது, ஏற்றம் ஓய்ந்தது. முதுகொடியும் உழைப்பு ஒன்று ஒழிந்ததற்காக நாம் மகிழவே வேண்டும். ஆனால் ஏற்றத்தோடு அந்தப் பாட்டும் போயிற்று. உழைப்பவர் பாடுவது குறைந்து, கேட்பது மிகுந்தது. இந்த மாற்றம் உலகெங்கும் நிகழ்ந்தது. அதை மிகத் தெளிவாகக் காட்டுவது தொழிற்சாலைகளின் வரலாறு.

ஆலையில் இயந்திரத்தின் இரைச்சலிடையே ஒருவர் பாடினால் அடுத்தவர் காதில் விழாது. அன்றியும், அங்கே வேகத்தை நிர்ணயிப்பது சக்கரமே. மனிதனின் மூச்சு அன்று. ஒரே திருகாணியை நாள் முழுவதும் முடுக்கும் வேலையில் உடல் களைப்பதற்கு முன்னரே உள்ளம் களைத்துவிடுகிறது. இங்கிலாந்தில் வயட், லாங்டன் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சலிப்பைப் பற்றி ஆராய்ந்து 1937-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஒரே வகையான வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வோருக்கு இடையிடையே இசையைக் கேட்கச் செய்தால் சலிப்புக் குறைகிறது, ஆக்கமும் மிகுகிறது என்று அவர்கள் கண்டனர்.

மூன்று ஆண்டுகளுக்குள் போர் மூண்டது. ஆயுதத் தொழிற்சாலைகளில் ஆணும் பெண்ணும் இரவு பகலாக உழைத்தனர். 1940-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் ‘வேலையோடு இசை’ என்று நாம் பெயரிடத்தக்க ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி என ஆலைகளின் ஒலிபெருக்கி வழியே அது பரவியது. போர் முடிந்த பின்னும் 1967 வரை அது தொடர்ந்து நடைபெற்றது.

அந்நிகழ்ச்சிக்கு வகுத்த விதிகள் நமக்குப் பெரிதும் பயன்படுவன. பாட்டின் ஒலி ஒரே சீராக இருத்தல் வேண்டும். மெல்லத் தாழ்ந்து திடீரென உயர்ந்தால் இயந்திர இரைச்சலில் பாதி மறைந்துவிடும். மெட்டு எல்லோரும் அறிந்ததாக இருத்தல் நலம். புதிதாயின் அதைக் கூர்ந்து கேட்க நேரும். மிக மெதுவான பாட்டு உறக்கத்தைத் தரும். பெரும்பாலும் கருவி இசையே ஒலித்தது. இடையில் அறிவிப்பாளரின் நீண்ட பேச்சும் இல்லை. கைதட்டிப் பாடவேண்டிய ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டு அந்நாளில் தள்ளிவைக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? அந்த இடம் வரும்போது தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டுவர், அல்லது கையிலிருக்கும் கருவியால் மேசையைத் தட்டுவர் என்ற அச்சமே! இசை வேலைக்குத் துணையாக இருக்க வேண்டுமானால், அது தன்னை மறைத்துக்கொள்ள வேண்டும் என்பது இவ்விதிகளின் உட்பொருள்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் கருத வேண்டும். ஏற்றக்காரரின் பாட்டு அவருடையது. அவர் வேண்டும்போது தொடங்கினார், வேண்டாதபோது நிறுத்தினார். ஆலையின் பாட்டு வேறொருவர் தேர்ந்து, வேறொருவர் குறித்த நேரத்தில், ஆக்கத்தைப் பெருக்கும் நோக்கத்தோடு ஒலித்தது. உழைப்பவரின் சலிப்பை அது போக்கியது உண்மை. ஆயினும் உழைப்பின் வேகத்தை மாற்றும் உரிமையை அது அவருக்குத் தரவில்லை. இசை நல்ல துணைதான். அதனாலேயே அதை யார், எதற்காக ஒலிக்கச் செய்கின்றனர் என்று கேட்கும் பழக்கமும் நமக்கு வேண்டும். இன்று அங்காடிகளில் மெல்லிசை ஒலிக்கும்போதும் இந்தக் கேள்வி பொருந்தும்.

மாணவ நண்பர்களே, இனி உங்கள் மேசைக்கு வருவோம். கைவேலைக்கு உதவிய இசை படிப்புக்கும் உதவுமா?

எல்லோரும் கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் நேரான சாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே வண்டியைச் செலுத்துகிறார். தெரியாத ஊரின் சந்துக்குள் நுழைந்து ஒரு முகவரியைத் தேடத் தொடங்கியதும் அவர் கை தானாகச் சென்று பாட்டைக் குறைக்கிறது. முகவரியைக் கண்ணால்தானே தேடுகிறார், காதுக்கு அங்கே என்ன வேலை? கண்ணுக்கும் காதுக்கும் பின்னால் இருக்கும் கவனம் ஒன்றே. பழகிய வேலைக்கு அதில் சிறு பங்கு போதும். எஞ்சியதைப் பாட்டுக்குக் கொடுக்கலாம். புதிய வேலை முழுக் கவனத்தையும் கேட்கிறது. அப்போது பாட்டு பங்காளியாக வந்து வழக்காடுகிறது.

படிப்பில் இந்த வழக்கு இன்னும் கடுமையானது. நாம் வாய்திறவாமல் படிக்கும்போதும் சொற்கள் உள்ளுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஓர் எண்ணையோ பெயரையோ சற்று நேரம் நினைவில் நிறுத்த வேண்டுமானால், அதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லியே நிறுத்துகிறோம். அவ்வேளையில் வெளியிலிருந்து வேறு சொற்கள் காதில் நுழைந்தால் இரண்டும் மோதுகின்றன. 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். கண்ணால் பார்த்த எழுத்துகளை வரிசை தவறாமல் நினைவில் வைக்குமாறு மாணவர்களைப் பணித்து, அருகே ஜெர்மன் மொழிப் பேச்சை ஒலிக்கச் செய்தனர். அம்மொழியை அறியாதவர்களும் அமைதியான வேளையைவிட மிகுதியாகத் தவறு செய்தனர். பொருள் புரியாவிட்டாலும் பேச்சொலியே நினைவைக் குலைத்துவிடுகிறது!

பின்னர்ச் சலாமே, பேட்லி என்ற உளவியலறிஞர்கள் இசையைக் கொண்டு இவ்வாறே ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். வாய்ப்பாட்டு நினைவை மிகுதியாகக் கெடுத்தது. கருவியிசை அவ்வளவு கெடுக்கவில்லை. “எனக்குப் பிடித்த பாட்டு என்னைத் தொந்தரவு செய்யாது” என்று நீங்கள் சொல்லலாம். அதையும் சோதித்திருக்கின்றனர். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெர்ஹாம், விசார்ட் என்ற இருவர் பிடித்த இசையையும் பிடிக்காத இசையையும் ஒப்பிட்டனர். வரிசையாக நினைவில் வைக்கும் வேலையில் இரண்டும் அமைதியைவிடக் கெடுதலே செய்தன.

அப்படியானால், இசை கேட்டால் அறிவு வளரும் என்று செய்தித்தாள்களில் படித்தோமே, அது என்ன என்று கேட்பீர்கள். அதன் கதை சுவையானது. 1993-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. மோசார்ட் இயற்றிய பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டவர்கள், தாளை மடித்து வெட்டினால் எவ்வடிவம் வரும் என்பது போன்ற ஒருவகைக் கணக்கைச் சற்று நன்றாகச் செய்தனர். அந்த ஏற்றமும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் மறைந்துவிட்டது. ஆராய்ந்தவர்கள் சொன்னது இவ்வளவே. ஊரார் அதை ‘இசை கேட்டால் அறிவு கூடும்’ என்று நீட்டிவிட்டனர். 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்கப் பொது நிதியைக் கேட்கும் அளவுக்கு அது சென்றது! பின்னர் 2001-இல் வெளியான கனடா நாட்டு ஆராய்ச்சி உண்மையைத் தெளிவாக்கியது. உள்ளம் கிளர்ச்சியும் மகிழ்ச்சியும் அடைந்ததனாலேயே அந்தச் சிறு நன்மை விளைந்தது. மோசார்ட்டின் இசைக்கெனத் தனி மந்திரம் எதுவும் இல்லை.

இந்த உண்மை மாணவருக்கு ஏமாற்றம் தருவதன்று. எழுச்சியான பாட்டு ஒன்றைக் கேட்டுவிட்டுப் படிக்க அமருங்கள், சோம்பல் அகலும். மனப்பாடம் செய்யும்போதும், புரியாத பகுதியைப் புரிந்துகொள்ள முயலும்போதும் அதை நிறுத்திவிடுங்கள். நிலப்படத்துக்கு வண்ணம் தீட்டுதல், நூல்களுக்கு அட்டை போடுதல், முன்பே எழுதியதைப் படியெடுத்தல் ஆகியவை படிப்பு மேசையில் நடந்தாலும் கைவேலைகளே. அவற்றின்போது மீண்டும் கேளுங்கள். நான் விடுதியில் தங்கிப் படித்த நாட்களில், என் அறைத்தோழர் செய்முறைக் குறிப்பேட்டில் படம் வரையும்போது வானொலியை உரக்க வைப்பார். சூத்திரங்களை உருப்போடும் இரவில் யாரும் சொல்லாமலே அதை மூடிவிடுவார். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள வழக்குக்கு அவர் நடத்தையே நல்ல தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலையைப் பற்றிச் சொன்னேன்; ஓய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓய்வில் கேட்கும் இசை நாம் விரும்பியதாக இருத்தல் வேண்டும். இதனை வானொலியின் வரலாறே உணர்த்துகிறது. 1952-இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரையிசைப் பாடல்கள் மிகவும் குறைந்து போயின. செவ்வியல் இசையை மக்களிடம் பரப்ப வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்ததே. வாரந்தோறும் தேசிய இசை நிகழ்ச்சி அவ்வாண்டிலேயே தொடங்கியது. ஆனால் நாள் முழுவதும் உழைத்து வந்த நேயர்கள் பலர் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பினர். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்ட பிறகு திரைப்பாடல்களும் மெல்லிசையும் நம் நிலையங்களில் மீண்டும் இடம் பெற்றன. நல்லதாயினும் திணித்தால் ஓய்வாகாது. விருப்பத்தை மெல்ல வளர்க்கலாமேயன்றிக் கட்டளையிட இயலாது.

இன்று தேர்ந்தெடுக்கும் உரிமைக்குக் குறைவில்லை. 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வாக்மன் என்ற சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் இசை நம் உடலோடு நடக்கத் தொடங்கியது. இப்போது கைப்பேசியில் உலகின் இசையெல்லாம் அடங்கியிருக்கிறது. இதில்தான் ஓர் இழப்பு மறைந்து நிற்கிறது. நடக்கும்போது பாட்டு, உண்ணும்போது பாட்டு, உறங்கும்போதும் பாட்டு என்றானபின், இசை எப்போதும் காதில் விழுகிறது. ஆனால் நாம் அதைக் கேட்பதில்லை. காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. வள்ளுவர் கேள்விக்கு ஓர் அதிகாரமே வகுத்தது இந்த வேறுபாட்டை அறிந்தே அன்றோ?

முழுமையாகக் கேட்பதில் என்ன பயன்? 2011-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டனர். இசையில் மெய்சிலிர்க்கும் கணத்தில் மட்டுமன்றி, அக்கணம் வரப்போகிறது என்று எதிர்நோக்கும் பொழுதிலும் மூளையில் டோபமைன் என்ற பொருள் சுரக்கிறது. இசையின்பத்தில் ஒரு பாதி எதிர்பார்ப்பு என்பது இதன் பொருள். தனியாவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரர் கோர்வையை மும்முறை வாசித்துச் சரியான இடத்தில் வந்து நிற்கும்போது அவையே ஆரவாரிக்கிறது. அவ்விடத்தை எதிர்நோக்கித் தாளத்தைத் தொடர்ந்து வந்தவருக்குத்தான் அம்மகிழ்ச்சி முழுமையாகக் கிட்டும். வேறொன்றைச் செய்துகொண்டே கேட்டவருக்கு அது வெறும் முழக்கம்.

ஆகவே உங்களுக்கு ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். நாளைக்கு ஒரே ஒரு பாட்டை, வேறு எதையும் செய்யாமல், கேளுங்கள். அது கீர்த்தனமாகவும் இருக்கலாம். நாட்டுப்பாடலாகவும் திரைப்பாடலாகவும் இருக்கலாம். ஆதிதாளத்தில் அமைந்ததாயின் கையால் தாளம் போடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டித் திருப்பல், மீண்டும் தட்டித் திருப்பல், ஆக எட்டு எண்ணிக்கை. பாட்டு எந்த எண்ணிக்கையில் தொடங்குகிறது, பல்லவிக்கு எப்போது திரும்புகிறது, எந்தக் கருவி எங்கே நுழைகிறது என்று கவனியுங்கள். நூறு முறை காதில் விழுந்த பாட்டில், முதல்முறை கேட்பதுபோல் புதியன பல வெளிப்படும்.

காதைக் காத்துக்கொள்ளவும் தவறாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். 90 டெசிபலாயின் வாரத்துக்கு 4 மணி நேரமே. பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியை ஏற்றும்போது அளவைக் கடக்கிறோம் என்பதை நாம் உணர்வதில்லை. இரைச்சலால் உட்செவியில் அழிந்த நுண்மயிர் உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. சாலையைக் கடக்கும்போது காதுக்கருவியைக் கழற்றிவிடுவது, செவியோடு உயிரையும் காக்கும்.

நான் கூறியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். கை உழைத்து உள்ளம் சும்மா இருக்கும் வேலைக்கு இசை நல்ல தோழன். சொல்லும் சிந்தனையும் உழைக்கும் வேலைக்கு அமைதியே தோழன். ஓய்வு நேரத்தில் இசையை நம் வேலைக்கு ஏவலாளாக வைக்காமல், விருந்தினராக எதிர்கொண்டு அமரச்செய்து கேட்க வேண்டும். இயன்றால் சில வேளைகளில் நாமும் பாடவேண்டும். குரல் நன்றாக இல்லையே என்று கூச வேண்டா. வயலில் நாற்று நட்டவர்களும் கிணற்றில் நீர் இறைத்தவர்களும் யாரிடமும் குரல் தேர்வில் வெற்றிபெற்றுவிட்டுப் பாடவில்லை.